நனைவதற்கான உடை

ஸ்கூபா கற்றுக்கொள்ள மூன்று வருடங்களுக்கு முன் அந்தமான் போயிருந்தேன். கடலில் இறங்குவதற்கு முன்பே, உடை மாற்றும் அறையில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வரிசையாகத் தொங்கிய கறுப்பு ரப்பர் உடைகளில் ‘எல்’ என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்தேன். முழங்கால்வரை ஏறியது. அதற்குமேல் அசையவில்லை. ஐ.டி. வேலையில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் சேர்த்த தொப்பை ஒரு பக்கம், 3 மில்லிமீட்டர் நியோபிரீன் மறுபக்கம். பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு அதைக் கழற்றிப் போட்டேன். ‘டபுள் எக்ஸ்எல்’ எடுத்து மாட்டினேன். சட்டென்று ஏறிவிட்டது. நைட்டி போட்ட மாதிரி சொகுசு.

வெளியே வந்ததும் பயிற்சியாளர் ஏற இறங்கப் பார்த்தார். பாம்பன்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“வசதியா இருக்காண்ணே?”

“சூப்பரா இருக்கு தம்பி.”

“அப்ப அது உங்க சைஸ் இல்லண்ணே.”

நான் கேட்கவில்லை. சரி, நீங்களே தெரிஞ்சுக்குங்க என்று விட்டுவிட்டார். கடல் நீர் 28 டிகிரி. சென்னை வீட்டில் ஏசியை 28-ல் வைத்தால் என் மனைவி ‘இது ஏசியா ஃபேனா’ என்று கேட்பாள். அந்த 28 டிகிரியில் நாற்பது நிமிடம் கழித்துப் படகில் ஏறியபோது பல் தந்தியடித்தது. கையை வீசும்போதெல்லாம் கழுத்து வழியாகப் புது நீர் உள்ளே வந்து முதுகைக் கழுவிவிட்டு இடுப்பு வழியாக வெளியே போயிருந்தது. உடை போட்டிருந்தேன் என்று பேர்தான்.

மறுநாள் அவர் எடுத்துக் கொடுத்த உடைக்குள் என்னை நுழைக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கரையில் நிற்கும்போது இறுக்கமாக இருந்தது. நீரில் இறங்கிய இரண்டாவது நிமிடம் உடை இருப்பதே மறந்துபோயிற்று. வசதி என்று நான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்ததைச் சந்தேகப்பட ஆரம்பித்தது அப்போதுதான். ஊர் திரும்பி இந்த உடையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதில் பெரும்பகுதி, எது வசதி என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பிறகு திருத்திக்கொண்ட கதைதான்.

*

நீர் நம் உடலிலிருந்து வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. அதனால் 28 டிகிரி அறையில் வியர்க்கிறவன் 28 டிகிரிக் கடலில் நடுங்குகிறான். இந்தப் பிரச்சினைக்கு மனிதர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே தீர்வைத்தான் யோசித்தார்கள்: நீரை உள்ளே விடாதே.

19-ஆம் நூற்றாண்டில் அகஸ்டஸ் சீப் லண்டனில் செய்த தாமிரத் தலைக்கவசமும், அதோடு இணைந்த நீர் புகாத முழு உடையும் அந்த யோசனையின் உச்சம். இரண்டாம் உலகப் போரில் எதிரிக் கப்பல்களுக்கு வெடி வைக்க நீந்திப் போன வீரர்களும் மெல்லிய ரப்பர் உடைகளைத்தான் நம்பினார்கள். ரப்பருக்கு அடியில் கம்பளி. கதகதப்பு கம்பளியின் வேலை, கம்பளியை நனையாமல் காப்பது ரப்பரின் வேலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாறையில் உரசி ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் போதும், கம்பளி நீரைக் குடித்து ஊறிவிடும், அவ்வளவு ஏற்பாடும் ஒரே நொடியில் காலி. ஒரு ஓட்டையில் மொத்தமும் படுத்துவிடும் அமைப்பை எங்கள் தொழிலில் யாரும் சிலாகிக்க மாட்டார்கள்.

இதை மாற்றியவர் ஒரு அணு இயற்பியலாளர். ஹியூ பிராட்னர், 1915-ல் அமெரிக்காவின் நெவாடாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1945-ல் முதல் அணுகுண்டுச் சோதனையை நேரில் பார்த்தவர்களில் ஒருவர். போர் முடிந்து பெர்க்லியில் இருந்தபோது, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்கு உதவும் ஆய்வுக்குழு ஒன்றில் சேர்ந்தார். அவரும் முக்குளிப்பவர்தான். கலிபோர்னியாக் கடலின் குளிர் அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

பிராட்னர் முதலில் கேள்வியைத் திருத்தினார். சாப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய அனுபவம். கஸ்டமர் ஒன்று கேட்பார், அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்றாக இருக்கும். ‘நனையக் கூடாது’ என்பது கேட்டது. ‘குளிரக் கூடாது’ என்பது தேவை. நூறு வருடமாக இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பிராட்னர் இரண்டையும் பிரித்தார். வெப்பத்தை வெளியே விடாமல் பிடிப்பது துணிக்குள்ளோ ரப்பருக்குள்ளோ அடைபட்டிருக்கும் வாயு. அந்த வாயு பொருளுக்குள்ளேயே சின்னச்சின்ன மூடிய குமிழிகளாக இருந்துவிட்டால், தோல் நனைந்தால் என்ன, நனையாவிட்டால் என்ன?

1951 ஜூனில் எழுதிய ஒரு கடிதத்தில் இந்த யோசனை பதிவாகியிருக்கிறது. எந்தப் பொருள் என்ற கேள்விக்கு, கடல் ஆய்வாளரான வில்லார்ட் பாஸ்கம் நியோபிரீன் நுரையைப் பார்க்கச் சொன்னார். நியோபிரீன் 1930-ல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில், வாலஸ் கரோத்தர்ஸின் குழுவில் பிறந்த செயற்கை ரப்பர். எண்ணெய் பட்டாலும் கெடாது என்பதால் இயந்திரக் குழாய்களுக்குப் பயன்பட்டு வந்தது. அதை நுரைக்கவைத்துத் தகடாக்கினால் லட்சக்கணக்கான வாயுக் குமிழிகள் கொண்ட ஒரு தோல் கிடைக்கும். கிழிந்தால் கிழிந்த இடத்தில் மட்டும்தான் நஷ்டம். மற்ற குமிழிகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடற்படைக்கு இதில் பெரிய உற்சாகம் வரவில்லை. குமிழிகள் நிறைந்த உடை எதிரியின் சோனாரில் வீரரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தார்கள். பிராட்னரும் நண்பர்களும் சின்னதாக ஒரு நிறுவனம் ஆரம்பித்துச் சில உடைகள் விற்றார்கள். அவர் காப்புரிமை வாங்கவில்லை. அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே அதே விஷயத்தில் லாபம் பார்ப்பது சரியில்லை என்று நினைத்தார். பிறகு இயற்பியலுக்கே திரும்பிப் போய்விட்டார். 2008-ல் இறந்தார். இன்று உலகமெங்கும் விற்கும் வெட்சூட் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.

இங்கே ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும், நானும் அதை நம்பியிருந்தேன். ‘உள்ளே வரும் நீரை உடல் சூடாக்கும், அந்தச் சூடான நீர் நம்மைக் காக்கும்’ என்று பல இடங்களில் சொல்வார்கள். பாதி உண்மை. நீரைச் சூடாக்க நாம்தான் வெப்பத்தைச் செலவழிக்கிறோம். அது நாம் கட்டும் வரி. காப்பது குமிழி. அதனால் உள்ளே இருக்கும் நீர் எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு நகராமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒருமுறை வரி கட்டினால் போதும். என் ‘டபுள் எக்ஸ்எல்’ நைட்டியில் நான் நிமிடத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டிருந்தேன்.

*

ஆக, கொள்கை தயார். இனி உடம்புக்குப் பொருந்த வேண்டும். அந்த வேலையைச் செய்தது கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகையோடு அலைந்த இளைஞர்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் ஜாக் ஓ’நீல் 1952-ல் ஒரு சின்னக் கடை திறந்தார். குளிர் தாங்காமல் பிளாஸ்டிக் நுரையை உள்ளாடைக்குள் அடைத்துக்கொண்டு அலையேறியதாகச் சொல்வார்கள். பிறகு நுரையில் பனியன் மாதிரி தைத்து விற்றார். கடற்கரையில் இருக்கும் உன் நாலைந்து நண்பர்களுக்கு விற்றபிறகு என்ன செய்வாய் என்று கேலி செய்தார்களாம். தெற்கே ரெடோண்டோ பீச்சில் பாப், பில் மெய்ஸ்ட்ரெல் என்ற இரட்டையர்கள் குளிர்பதனப் பெட்டியின் பின்னால் வைக்கும் காப்புப் பொருளில் உடை தைத்துப் பார்த்தார்கள். ‘கையுறை மாதிரிப் பொருந்தும்’ என்று சொல்லிச் சொல்லியே பின்னாளில் அவர்கள் பிராண்டின் பெயர் ‘பாடி க்ளவ்’ ஆனது. வெட்சூட்டைக் கண்டுபிடித்தது யார் என்று கலிபோர்னியாவில் ரொம்ப நாள் சண்டை நடந்தது.

அவர்கள் தீர்த்தவை எல்லாம் தையற்காரரின் பிரச்சினைகள். வெறும் நியோபிரீன் தோலில் ஒட்டும். பவுடர் கொட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும், இழுத்தால் கிழியும். அதன்மேல் நைலான் துணியை ஒட்டினார்கள். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஓர் ஓட்டை. அதனால் விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராதபடி பாதி ஆழத்துக்கு மட்டும் தைக்கும் முறை வந்தது. அக்குள், முழங்கால் மடிப்பு, கழுத்து என்று உடல் வளைகிற இடங்களில் அதிகம் நீளும் தகடுகளை வைத்தார்கள்.

வெட்சூட் வாங்கப்போகும்போது நாம் பார்க்க வேண்டியதும் இதே இடங்களைத்தான். பாம்பன் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை: போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருங்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். ஆழமாக ஒரு மூச்சு எடுங்கள். நெஞ்சு விரியாமல் முட்டினால் அது சின்னது. முதுகின் கீழ்ப்பள்ளத்திலோ அக்குளிலோ காற்றுப்பை நின்றால் அது பெரியது. கடலில் அங்கேதான் நீர் குளம் கட்டும். கழுத்துப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், குரல்வளையை நெரிக்கக் கூடாது. நகத்தால் இழுக்காதீர்கள், விரல் சதையால் இழுங்கள். கரையில் கொஞ்சம் அதிக இறுக்கமாகத் தோன்றினால் பயப்படாதீர்கள். ஆழம் போகப் போக அது தளரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, குமிழிகள் பாதியாகச் சுருங்கும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. மேலே 3 மில்லிமீட்டராக இருந்த காப்பு கீழே இன்னும் மெல்லியது. குளிர் அதிகமாகும் இடத்தில்தான் உடை தன் பலத்தை இழக்கிறது. அதனால்தான் கடலுக்குத் தக்கபடி 3, 5, 7 என்று தடிமனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

*

இதுவரை சொன்னது உடை எப்படி உடலுக்குப் பொருந்தியது என்ற கதை. உடல் அந்த உடைக்கு என்ன பதில் சொன்னது என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அது நடந்தது கொரியாவில்.

தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் அதன் தென்கரையிலும் மூச்சடக்கி முக்குளித்துச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களை ஹேன்யோ என்பார்கள். கடல் பெண்கள் என்று பொருள். நூற்றாண்டுகளாக அவர்கள் அணிந்தது பருத்தி உடை. முல்சோஜுங்கி என்று பெயர். ஒரு பக்கவாட்டில் திறந்து முடிச்சுப் போடும்படி இருக்கும். உடம்பு பெருத்தாலும் கர்ப்பமானாலும் முடிச்சைத் தளர்த்திக்கொள்ளலாம். பொருந்தும் உடை என்ற விஷயத்தில் அந்தப் பெண்கள் கலிபோர்னியாக்காரர்களுக்கு ரொம்ப முன்னாடியே யோசித்துவிட்டார்கள். ஆனால் பருத்தி குளிரைத் தடுக்காது. குளிர்காலத்தில் 10 டிகிரிக்கு இறங்கும் கடலில் அரை மணி நேரம்கூடத் தாங்க முடியாது. உடல் வெப்பம் 35 டிகிரி பக்கம் சரிந்ததும் கரையேறி, புல்தோக் எனப்படும் கல்சுவர் வளையத்துக்குள் தீ மூட்டிச் சுற்றி உட்கார்வார்கள். உடம்பு சூடானதும் மறுபடி கடல். அந்தத் தீயைச் சுற்றித்தான் ஊர்ச் செய்தி, கடல் எந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்ற தகவல், புதிதாக வந்த பெண்ணுக்குப் பாடம், நாளைக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவு எல்லாம். திறமையில் மூத்த பெண்களுக்குப் புகை படாத இடம்.

1960களில் உடலியல் அறிஞர் சுக் கி ஹாங்கும் சக ஆய்வாளர்களும் இவர்களை அளந்தார்கள். குளிர்காலத்தில் ஹேன்யோக்களின் உடல் சும்மா இருக்கும்போதே எரிக்கும் ஆற்றல், முக்குளிக்காத அதே ஊர்ப் பெண்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. மற்றவர்கள் நடுங்க ஆரம்பிக்கும் குளிரில் இவர்கள் நடுங்கவில்லை. வருடக்கணக்கில் குளிரோடு வாழ்ந்து உடலே ஓர் உள்ளாடையை நெய்துகொண்டிருந்தது.

1970களில் ஜப்பான் வழியாக ரப்பர் உடை அங்கே வந்தது. வேலை நேரம் இரண்டு மூன்று மணி நேரமாக நீண்டது. 1977 முதல் சில வருடங்கள் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அளந்தார்கள். கூடுதலாக எரிந்த ஆற்றல் இறங்கியது. நடுக்கம் மற்ற பெண்களைப் போலவே வர ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்துக்குள் அந்தக் குளிர்ப் பழக்கம் உடலைவிட்டுப் போய்விட்டது. உடல் கறாரான கணக்குப்பிள்ளை. வெளியே ஒருவர் அந்த வேலையைச் செய்ய வந்துவிட்டார் என்று தெரிந்ததும் உள்ளே இருந்தவருக்குச் சீட்டைக் கிழித்துவிட்டது.

இதைப் படித்தபோது முதலில் ‘ஐயோ போச்சே’ என்று தோன்றியது. அது ஏசி அறையில் உட்கார்ந்து படிக்கிறவனின் வருத்தம் என்று பிறகு உறைத்தது. யாரோ ஆச்சரியப்படுவதற்காக இன்னொருவர் 10 டிகிரி நீரில் விறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெண்கள் ரப்பர் உடையை விரும்பி ஏற்றார்கள், வருமானம் கூடியது.

ஆனால் குளிர் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. அதுதான் அவர்களுடைய கடிகாரம். எங்கள் பாஷையில் சொன்னால் ‘ரேட் லிமிட்’. அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்பதால் கடலுக்கும் ஓய்வு, நுரையீரலுக்கும் ஓய்வு. அந்தக் கடிகாரத்தைக் கழற்றியதும் பாக்கி ஒவ்வொன்றாக வந்தது. மணிக்கணக்கில் மூழ்கி எழுவதால் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டே கடலுக்குப் போகும் பழக்கம். குமிழி உடை மிதக்கும் என்பதால் இடுப்பில் ஈயக்கட்டி; அதனால் இடுப்புவலி. தீ தேவைப்படாததால் புல்தோக்குகள் பெரும்பாலும் அணைந்தன. சுடுநீர்க் குழாய் வைத்த உடைமாற்றும் கட்டடங்கள் வந்தன. சிப்பிகள் வேகமாகக் குறையும் ஆபத்து.

அதற்கு அவர்கள் செய்ததுதான் எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பெரிய விஷயமாகத் தெரிகிறது. குளிர் இட்டிருந்த எல்லையை அவர்கள் கூடிப் பேசித் தாங்களே இட்டுக்கொண்டார்கள். எந்த நாளில் கடலில் இறங்கலாம், எந்த மாதம் எதைத் தொடக் கூடாது, எந்த அளவுக்குக் கீழே உள்ள சிப்பியைத் திரும்பப் போட வேண்டும் என்பதை ஊர் மீன்பிடிச் சங்கங்கள் முடிவு செய்கின்றன. முக்கியமாக, ரப்பர் உடையை ஏற்றவர்கள் காற்று சிலிண்டரை ஏற்கவில்லை. இன்றும் ஒரே மூச்சுதான். ஜப்பானில் இதே தொழில் செய்யும் ஆமா பெண்களின் சில ஊர்களில் வெட்சூட்டுக்கே கட்டுப்பாடு இருந்தது. வீட்டுக்கு ஒன்று என்றுகூட. 1960களில் ஜேஜுவில் 20,000-க்கு மேல் இருந்த ஹேன்யோக்கள் இன்று 3,000-க்கும் குறைவு. படிப்பு, ஆரஞ்சுத் தோட்டங்கள், சுற்றுலா என்று அதற்குப் பல காரணங்கள். 2016-ல் யுனெஸ்கோ அவர்களது பண்பாட்டை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலானவர்களுக்கு வயது அறுபதுக்கு மேல். கறுப்பு ரப்பர் உடையில், ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் விசில் போல மூச்சு விட்டபடி, இன்னும் இறங்குகிறார்கள்.

*

அந்தமானில் கடைசி நாள் உடைகளை நல்ல நீரில் அலசிக்கொண்டிருந்தபோது பாம்பன் தம்பி தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் பாசி எடுப்பவர். ராமநாதபுரம் கடற்கரையில் பல ஊர்ப் பெண்களின் தொழில் அது. புடவைக்கு மேல் ஒரு டி-ஷர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணிக் கீற்று. இவ்வளவுதான் உடை. பாசி திரும்ப வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று அங்கே பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். ஜேஜுவைப் பற்றிப் படித்தபோது எனக்கு இது ஞாபகம் வந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கரைகள், ஒரே முடிவு.

ஒருமுறை ஊருக்குப் போகும்போது பழைய வெட்சூட் ஒன்றை அம்மாவுக்கு எடுத்துப்போனாராம்.

“போட்டாங்களா?” என்றேன்.

“ஒருநாள் போட்டாங்கண்ணே. ‘இது என்னைய மேலதான்டா தூக்குது, அடியில போகவே முடியல’ன்னு திட்டினாங்க. ஈயம் கட்டணும்னு சொன்னேன். ‘பாசிச் சாக்கையும் தூக்கி ஈயத்தையும் தூக்கவா’ன்னாங்க.”

“அப்புறம்?”

“கத்திரிக்கோலை எடுத்து வெட்டிட்டாங்க. கைப்பக்கத்த விரலுக்கு உறையா தைச்சுக்கிட்டாங்க. அவங்க கூட்டாளிகளுக்கும் குடுத்தாங்க. ஒரு சூட்ல ஆறு பேருக்கு ஆச்சு.”

அவருக்குக் குளிர் பிரச்சினை இல்லை. விரல்தான் பிரச்சினை. பிராட்னரைப் போலவே கேள்வியைத் திருத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் சொந்தமாக ஒரு வெட்சூட் இருக்கிறது. 3 மில்லிமீட்டர், ‘எக்ஸ்எல்’. மாட்டுவதற்குள் இப்போதும் வியர்த்துவிடும். அது இருப்பதால் ஒன்றரை மணி நேரம்கூட நீரில் இருக்கலாம் என்று தோன்றும். உடம்பு நிறுத்தச் சொல்லாது. அதனால் இறங்குவதற்கு முன்பே மேலே வரும் நேரத்தைப் படகில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.